குண்டாஸ் தெரிந்த ஊருக்கு இது புதிதல்ல

புழல் சிறை வாசலில் நிற்கிறவர்களிடம் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தால் போதும், சட்டம் தானாக வந்து விழும். சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போவதற்கு வடசென்னையில் பெயர் ‘மனு’. “நாளைக்கு மனு பாக்கப் போறேன்” என்று வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ சொன்னால் எந்த ஆபீசுக்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். தெரிந்த குடும்பம் ஒன்றுக்குத் துணையாக ஒருநாள் போயிருந்தேன். பக்கத்தில் தண்டையார்பேட்டை அம்மா ஒருவர். பையனுக்குக் குண்டாஸ் போட்டு நாலு மாதம் ஆகிறதாம். கைப்பேசியில் ஏதோ செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பி, “ஏம்ப்பா, உபா உபான்றாங்களே, அதுவும் குண்டாஸ் மாதிரிதானா?” என்றார்.

“கிட்டத்தட்ட அப்படித்தாம்மா” என்று சொல்லிவிட்டேன். உபா என்பது சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் (UAPA), இந்தியாவில் இப்போது பயங்கரவாத வழக்குகள் போடுவது அதில்தான். வீட்டுக்கு வந்து யோசித்தால் அந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதிக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

முதலில் குண்டாஸ். 1982இல் வந்த அந்தச் சட்டத்தின் முழுப் பெயரை ஒரே மூச்சில் படிக்க முடியாது. கள்ளச்சாராயம் விற்பவர், போதைப்பொருள் கடத்துபவர், குண்டர், பாலியல் தொழில் நடத்துபவர், குடிசைப் பகுதி நிலத்தை வளைப்பவர் என்று பெயரிலேயே பட்டியல் இருக்கும். இவர்களில் யாருக்காகவும் ஊரில் ஒருவர்கூடப் பரிந்து பேச மாட்டார். சட்டம் வசதியாக உள்ளே வந்தது அதனால்தான். அப்புறம் பட்டியல் நீண்டது. 2004இல் வீடியோ திருட்டைச் சேர்த்தார்கள். பர்மா பஜாரில் திருட்டு விசிடி விற்றவரும் பட்டப்பகலில் கத்தி தூக்கியவரும் ஒரே சட்டத்தின் கீழ் வந்தார்கள். 2014இல் சைபர் குற்றமும் பாலியல் குற்றமும் சேர்ந்தன. 2017 மே மாதம், முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்கு மெரினாவில் மெழுகுவத்தி ஏற்றப் போன மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி மீதும் மூன்று தோழர்கள் மீதும் அதே குண்டாஸ் பாய்ந்தது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. சரி, ரத்தாகிவிட்டதே என்று சொல்லலாம். நாலு மாதம் போனது போனதுதான்.

ஆக, முதலில் யாருக்காகச் சட்டம் போட்டார்கள் என்பதைவிட, பிற்பாடு யாரைச் சேர்த்தார்கள் என்று பார்ப்பதுதான் நம் பக்கத்துப் பழக்கம். உலகத்தில் எந்த நாட்டின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தையும் அப்படிப் பார்க்கலாம்.

இனி அந்த அம்மாவிடம் சொல்லாமல் விட்ட பாதி. குண்டாஸ் ஒளிவு மறைவில்லாத தடுப்புக் காவல். ‘இவர் வெளியே இருந்தால் தொந்தரவு, உள்ளே இருக்கட்டும்’ என்று கமிஷனரோ கலெக்டரோ உத்தரவு போடுகிறார். அதிகபட்சம் 12 மாதம். பயங்கரவாதச் சட்டம் இதைவிட மரியாதையான தோற்றத்தில் வரும். வழக்கு இருக்கும், குற்றப்பத்திரிகை இருக்கும், நீதிபதி இருப்பார், வக்கீல் இருப்பார், வாய்தா இருக்கும். என்றைக்கு முடியும் என்பது மட்டும் இருக்காது. உபாவில் குற்றப்பத்திரிகை போடவே 180 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். சாதாரண வழக்கில் 60 நாள், 90 நாள். ஜாமீன் அதைவிடச் சிக்கல். போலீஸ் தரப்புக் காகிதங்களைப் படித்ததும் ‘மேலோட்டமாகப் பார்த்தால் உண்மை போலத்தான் இருக்கிறது’ என்று நீதிபதிக்குத் தோன்றினால் ஜாமீன் கிடையாது. 2008இல் மும்பை தாக்குதல் நடந்த அடுத்த மாதமே இந்தப் பிரிவு வந்தது. அந்தக் கட்டத்தில் ஆதாரங்களை ஆழமாக எடை போடக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விசாரணை முடிவில்லாமல் இழுத்தால் ஜாமீன் தரலாம் என்று 2021இல் அதே நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்தது. அந்தக் கதவு சிலருக்குத் திறக்கிறது, சிலருக்குத் திறப்பதில்லை.

அடக்கியாள நினைக்கிற ஓர் அரசுக்கு எதிர்க்கட்சித் தலைவரைத் தண்டிக்கத் தீர்ப்பே வேண்டாம், வாய்தா போதும். தேர்தல் முடிகிற வரை, போராட்டத்தில் கூடிய கூட்டம் கலைகிற வரை ஆள் உள்ளே இருந்தால் வேலை முடிந்தது. கடைசியில் விடுதலை என்று தீர்ப்பு வந்தால்கூட அரசுக்கு நஷ்டமில்லை, ‘பார்த்தீர்களா, எங்கள் நாட்டில் நீதித்துறை சுதந்திரமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

எல்லாமே 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு வந்தவை என்று நினைக்க வேண்டாம். நம் உபா 1967ஆம் ஆண்டுச் சட்டம். அதே 1967இல் தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் அரசும் ஒரு பயங்கரவாதச் சட்டம் போட்டது. அதன் கீழ்தான் ஸ்டீவ் பிக்கோவைப் பிடித்து வைத்திருந்தார்கள். 1977இல் காவலிலேயே இறந்தார். 2001 வேறொன்றைச் செய்தது. செப்டம்பர் 28ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1373ஆம் தீர்மானம், பயங்கரவாதத்துக்கு எதிராக எல்லா நாடுகளும் சட்டம் போட்டே ஆக வேண்டும் என்றது. பயங்கரவாதம் என்றால் என்ன என்று மட்டும் அதில் சொல்லவில்லை. அவரவர் ஊர் அளவுக்குத் தைத்துக்கொள்ளுங்கள் என்று துணியை மட்டும் கொடுத்தது போல ஆயிற்று. அடக்குமுறை அரசுகளுக்கு அதற்கு முன் கொஞ்சமாவது கூச்சம் இருந்தது. இப்போது, உலகம் கேட்டதைத்தானே செய்கிறோம் என்று பதில் சொல்ல முடிந்தது.

தமிழர்களுக்கு இதைச் சொல்லித்தர ஜெனீவா வரை போக வேண்டாம், பக்கத்துத் தீவு போதும். 1979 ஜூலையில் ஜெயவர்த்தன அரசு பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ‘தற்காலிக ஏற்பாடு’ என்று பெயரிலேயே போட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய பிரிகேடியருக்கு, டிசம்பர் 31க்குள் பயங்கரவாதத்தை ஒழித்துவிட வேண்டும் என்று கெடுவும் கொடுத்தார் ஜனாதிபதி. மூன்று ஆண்டுக்கு என்று வந்த சட்டம் 1982இல் நிரந்தரமானது. குற்றச்சாட்டே இல்லாமல் 18 மாதம் வரை அடைத்து வைக்கலாம். 2022 திருத்தம் அதை 12 மாதமாக்கியது. உதவிப் போலீஸ் அத்தியட்சகர் நிலையிலோ அதற்கு மேலோ உள்ள அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாக நிற்கும். மிரட்டி வாங்கியது என்றால் அதை நிரூபிக்க வேண்டியவர் கைதிதான்.

இந்த வாக்குமூல விஷயம் நம் பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவிலும் இருந்தது. (தமிழில் ‘தடா’ என்றாலே தடை. பத்திரிகைத் தலைப்பு எழுதுகிறவர்களுக்குச் சட்டமே சிலேடை எடுத்துக் கொடுத்தது.) ராஜீவ் கொலை வழக்கு தடாவில் வராது என்று 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் தடாவின்படி போலீஸ் அதிகாரி எழுதி வாங்கிய வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது. வீட்டை இடித்த பிறகும் அதன் கதவில் பூட்டு தொங்கியது. அந்த வாக்குமூலத்தின் பேரில்தான், இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தவர் என்று பேரறிவாளனுக்குத் தூக்கு உறுதியானது. அது ஆயுளாகக் குறைய 2014 ஆயிற்று. பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்ன வரியைத் தான் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலம் பதிந்த அதிகாரியே 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். 19 வயதில் பிடிபட்டவர் வெளியே வந்தது 2022 மே 18. அது நிஜமான பயங்கரக் குற்றம் நடந்த வழக்கு. அதிலேயே ஒரு வரி விடுபட்டால் 31 ஆண்டு என்றால், குற்றமே நடக்காத இடத்தில் இதே கருவி என்ன செய்யும்?

அஹ்னாஃப் ஜசீமின் கதை அதற்குப் பதில். மன்னார்ப் பக்கத்து இளைஞர், தமிழாசிரியர். ‘நவரசம்’ என்று ஒரு கவிதைத் தொகுப்பு போட்டிருந்தார். 2020 மே மாதம் கைது செய்தார்கள். கவிதைகள் தீவிரவாதத்தைத் தூண்டுகின்றன என்பது குற்றச்சாட்டு. கவிதை தமிழில், வழக்கோ அதன் மொழிபெயர்ப்பை வைத்து. தமிழ் தெரிந்தவர்கள் படித்துப் பார்த்து, வன்முறையைக் கண்டிக்கிற கவிதைகள்தானே இதில் இருக்கின்றன என்றார்கள். 2021 டிசம்பரில் ஜாமீன், 2023 டிசம்பரில் விடுதலை. உவமையும் உருவகமும் தெரியாத ஒருவர் கவிதைக்குப் பொருள் எழுத உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடத்தில் சிரித்திருப்போம். இங்கே அந்தப் பொழிப்புரைக்கு விலை ஒன்றரை வருஷம் சிறை.

ஜசீமும் வழக்கறிஞர் ஹிஜாஸ் ஹிஸ்புல்லாவும் மாட்டியது 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகான கைது அலையில். அந்த ஞாயிறு 260க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ‘பயங்கரவாதம் நிஜம்தானே, கடுமையான சட்டம் வேண்டாமா?’ என்று கேட்பவர்களை நான் முட்டாள் என்று சொல்ல மாட்டேன். 1998 பிப்ரவரியில் கோவையில் 58 பேர் செத்ததைப் பார்த்த மாநிலம் இது. ஆனால் ஈஸ்டர் அன்று இலங்கையில் அந்தக் கடுமையான சட்டத்துக்கு ஏறக்குறைய நாற்பது வயது. அதிகாரம் போதாமல் அந்தத் தாக்குதல் நடக்கவில்லை. முன்கூட்டியே வந்த உளவு எச்சரிக்கையை யாரும் கண்டுகொள்ளவில்லை. முன்னாள் ஜனாதிபதி சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது அதற்காகத்தான். கவிதையைக் கண்டுபிடித்தவர்கள் குண்டைக் கண்டுபிடிக்கவில்லை.

தமிழர்களுக்காகச் செய்த சட்டம் தமிழர்களோடு நிற்கவும் இல்லை. 2022இல் கோட்டாபயவை விரட்டிய போராட்டத்தில் முன்னால் நின்ற மாணவர் தலைவர் வசந்த முதலிகே ஒரு சிங்களவர். ஆகஸ்டில் பிடித்து, 90 நாள் தடுப்பு உத்தரவில் ஜனாதிபதி ரணில் கையெழுத்துப் போட்டார். 2023 ஜனவரி கடைசியில் கொழும்பு நீதவான் பயங்கரவாதக் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தார். ஐந்து மாதத்தில், போராட்டம் நடந்த கொழும்பு காலிமுகத்திடலில் கூட்டம் என்று எதுவும் மிச்சமில்லை. இன்று அங்கே ஆட்சியில் இருப்பது 1980களில் தடை செய்யப்பட்டு வேட்டையாடப்பட்ட இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி.யின் அணி. சட்டத்தை நீக்குவோம் என்று சொல்லித்தான் வந்தார்கள். 2025 மார்ச்சில் கொழும்பில் இஸ்ரேலுக்கு எதிராக ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயது இளைஞர் ஒருவரை அதே சட்டத்தில் உள்ளே வைத்தார்கள். எதிர்க்கட்சியாக இருக்கும்போது கசக்கிற சட்டம் நாற்காலியில் உட்கார்ந்ததும் இனிக்கிறது.

நம்மிடமும் இந்தச் சுவை மாற்றம் உண்டு. தடாவுக்குப் பின் வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா நிறைவேறியது 2002 மார்ச் 26, நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில். ஆதரவு 425, எதிர்ப்பு 296. ஆதரித்த கூட்டணியில் வைகோவின் ம.தி.மு.க.வும் இருந்தது. மூன்றே மாதத்தில், திருமங்கலத்துக் கூட்டத்தில் புலிகளை ஆதரித்துப் பேசினார் என்று வைகோ மீதே பொடா பாய்ந்தது. ஜூலை 11, அமெரிக்காவிலிருந்து திரும்பியவரை விமான நிலையத்தில் கைது செய்தார்கள். வேலூர் சிறை, பூந்தமல்லி பொடா கோர்ட், 19 மாதம். குற்ற நோக்கம் இல்லாமல் வெறும் வாய்ப்பேச்சால் ஆதரிப்பது பொடாவில் குற்றமாகாது என்று 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. பழ. நெடுமாறன், சுப. வீரபாண்டியன், நக்கீரன் கோபால் என்று மாநில ஆட்சிக்குப் பிடிக்காதவர்கள் வரிசையாக உள்ளே போனார்கள். மத்தியில் போட்ட சட்டத்தை மாநிலம் தன் கணக்குத் தீர்க்க எடுத்துக்கொண்டது. தடாவிலும் அதுதான் நடந்தது. பஞ்சாபுக்காக 1985இல் வந்த சட்டத்தில், பயங்கரவாதத் தொல்லை பெரிதாக இல்லாத குஜராத்தில் மட்டும் 18,000க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்திருந்தார்கள்.

2004இல் பொடாவை ஒழித்தபோது பட்டாசு வெடித்தோம். அதே ஆண்டு அதன் முக்கியப் பிரிவுகள் சத்தமில்லாமல் உபாவுக்குள் குடியேறின. கூடுவிட்டுக் கூடு பாய்வது விக்கிரமாதித்தன் கதையில் மட்டும் இல்லை.

பர்மாவைச் சொல்லாமல் வடசென்னையில் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. பீச் ஸ்டேஷனுக்கு எதிரே சாயங்காலம் அத்தோ கடையில் நின்றால், கையாலேயே நூடுல்ஸைப் பிசைந்து தட்டில் போட்டு, கூட வாழைத்தண்டு சூப் ஒரு கிண்ணம் தருவார்கள். 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்து, கடைகளையெல்லாம் அரசுடைமையாக்கிய பிறகு கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். எனக்குப் பழக்கமான கடைக்காரர் ரங்கூன் செய்திகளை இன்னும் விடாமல் பார்க்கிறவர். 2021 பிப்ரவரி 1ஆம் தேதி ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தபோது, “எங்க தாத்தா சொன்ன கதைய இப்ப போன்ல பாக்குறேன்” என்றார்.

அங்கே நடந்தது, இந்த வித்தையை அதன் எல்லைக்கே கொண்டுபோனது. 2020 நவம்பர் தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் சேர்ந்து ஓர் அரசை அறிவித்தார்கள். 2021 மே 8ஆம் தேதி, துப்பாக்கியோடு ஆட்சியைப் பிடித்தவர்கள், ஓட்டு வாங்கி ஜெயித்தவர்களைப் பயங்கரவாத அமைப்பு என்று அறிவித்தார்கள். கையில் இருந்த சட்டம் 2014இல் வந்தது. ஜனநாயகம் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று உலகமே பாராட்டிய நாளில் போட்ட சட்டம்.

ஃபியோ ஸெயா தோ முதலில் ஹிப்ஹாப் பாடகர், அப்புறம் ஆங் சான் சூச்சி கட்சியின் எம்.பி. 2021 நவம்பரில் பிடிபட்டார். மூடிய ராணுவ நீதிமன்றம் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் மரண தண்டனை விதித்தது. 2022 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, இன்சேன் சிறையிலிருந்து வீடியோவில் அம்மாவோடு பேசவிட்டார்கள். நம் கணக்கில் அதுவும் ஒரு மனுதான். படிக்கக் கண்ணாடி வேண்டும், ஒரு அகராதி வேண்டும், கொஞ்சம் பணம் வேண்டும் என்று கேட்டார். அகராதி கேட்கிற பிள்ளை இன்னும் ரொம்ப நாள் இருக்கப்போகிறான் என்றுதான் எந்தத் தாயும் நினைப்பார். திங்கட்கிழமை அரசு நாளிதழில் செய்தி வந்தது: அவரையும், ‘ஜிம்மி’ என்று எல்லோரும் அழைத்த 1988ஆம் ஆண்டு ஜனநாயகப் போராட்டக்காரர் சோ மின் யூவையும், இன்னும் இருவரையும் தூக்கிலிட்டாயிற்று. உடல்களைக் குடும்பங்களுக்குத் தரவில்லை.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எகிப்தில் விசாரணைக் கைதியை அதிகபட்சம் இரண்டு ஆண்டுதான் வைக்கலாம் என்று சட்டம். அதனால் இரண்டு ஆண்டு முடிகிற சமயத்தில் அதே ஆள் மீது அதே மாதிரி இன்னொரு பயங்கரவாத வழக்கு. அதற்கு அரபியில் ‘தத்வீர்’ என்று பெயரே இருக்கிறது, சுழற்சி என்று பொருள். துருக்கியில் 2016 ஜனவரியில் குர்து பகுதிகளில் சண்டையை நிறுத்தச் சொல்லி 1128 கல்வியாளர்கள் கையெழுத்திட்டார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ‘பயங்கரவாதப் பிரச்சாரம்’ என்று கோர்ட்டில் நின்றார்கள். எதிர்க்கட்சித் தலைவர் தெமிர்தாஷைச் சிறையில் வைத்ததன் உள்நோக்கம் அரசியல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இரண்டு முறை சொன்ன பிறகும் 2024 மே மாதம் 42 ஆண்டு தண்டனை கொடுத்தார்கள். எஸ்வாட்டினியில் (பழைய சுவாசிலாந்து) மன்னராட்சி, 2010 மே தினத்தில், தடை செய்யப்பட்ட கட்சியின் டி-ஷர்ட் போட்டு வந்தவரைப் பயங்கரவாதச் சட்டத்தில் பிடித்தார்கள். சில நாளில் காவலிலேயே இறந்தார். தற்கொலை என்றது போலீஸ்.

இந்தியாவை இந்த நாடுகளின் வரிசையில் வைக்கலாமா என்று சண்டைக்கு வருவார்கள். வைக்கவில்லை. இங்கே தேர்தல் நடக்கிறது, ஆட்சி மாறுகிறது, பாரிமுனையில் உயர் நீதிமன்றச் சிவப்புக் கட்டடத்துக்குப் போய் ஆள்கொணர்வு மனு போட முடிகிறது. ஆனால் பூட்டு அதே கம்பெனிப் பூட்டுதான். திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நில உரிமைக்காக உழைத்தவர். மகாராஷ்டிரத்தில் 2018இல் நடந்த வன்முறையையொட்டிய பீமா கோரேகாவ் வழக்கில் 2020 அக்டோபரில் உபாவில் கைதானபோது வயது 83. பார்கின்சன் நோயில் கை நடுங்கும், டம்ளரைப் பிடிக்க முடியாது. தண்ணீர் குடிக்க ஒரு ஸ்ட்ராவும் சிப்பரும் கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட்டார். பதில் சொல்ல, வழக்கை நடத்திய தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) 20 நாள் அவகாசம் கேட்டது. ஒரு ஸ்ட்ராவுக்கு வாய்தா. மறு ஆண்டு ஜூலை 5ஆம் தேதி மும்பை உயர் நீதிமன்றத்தில் அவருடைய ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தபோது, அவர் இறந்துவிட்டதாக மருத்துவர் தெரிவித்தார். விசாரணையே தொடங்கவில்லை, அதனால் அவர் குற்றவாளியும் இல்லை, விடுதலையானவரும் இல்லை.

புழல் சிறையிலிருந்து கொஞ்ச தூரத்தில் காவாங்கரை. ஈழத்திலிருந்து வந்தவர்களின் முகாம் அங்கே இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேலாக இருப்பவர்களும் உண்டு. மன்னார்க்காரர் ஒரு பெரியவர், ஊருக்குத் திரும்பலாமா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறவர். பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதியது கொண்டுவரப் போவதாக 2023இல் கொழும்பு ஒரு மசோதாவை வெளியிட்டபோது, பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். எத்தனை நாள் அடைப்பார்கள், யார் கையெழுத்து வேண்டும் என்றெல்லாம் நான் விளக்கத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. வாக்குமூலம் ஆரிட்டக் குடுக்கிறதெண்டு போட்டிருக்கோ?”

போலீஸிடம் கொடுப்பது செல்லாது என்று புதியதில் இருக்கிறது என்றேன்.

“அப்ப பழசு?”

புதுசு நிறைவேறும் வரைக்கும் பழசுதான் என்றேன். பத்திரிகையை வாங்கி, வந்த மடிப்பிலேயே மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.